கோணமலைக் கடலிற் கற்ற பாடம்

சிவமயம்

கடலில் மூழ்கிப் பழகுவாரைப் பற்றிய செய்தி சைவ சித்தாந்தம் பேசும் பத்திரிகையில் இடம்பெறத் தகுமோ என அன்பர் சிலர் ஐயுறுதல் கூடும். சிறியேனும் முதலில் அங்ஙனமே ஐயுற்றேன். ஆயினும், முப்பதாண்டுகளுக்கு மேலாக மாணவர்க்குப் பாடஞ் சொல்லிவந்த ஒரு பொருளை, அறுபத்தாறாம் அகவையில், ஒரு படகின் விளிம்பில் அமர்ந்து புதுவதாகக் கற்றுக்கொண்டேன் ஆகலின், அதனை மறைத்துவைத்தல் முறையன்றெனத் துணிந்து எழுதுகின்றேன். இதன்கண் என் குற்றம் ஒன்றும் வெளிப்படும். அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

எனக்கு மக்கள் இருவர். இளையவன் கணிப்பொறித் தொழில் பயின்று கொழும்பு மாநகரில் வேலையிலிருக்கின்றான். பதினாறாம் வயதிற் சமய தீக்கை பெற்றவன். ஓராண்டுக் காலம் தவறாது அநுட்டானம் செய்துவந்தான். பின்னர்ச் சிறிது சிறிதாகக் கைவிட்டான். நெற்றியில் நீறு மறைந்தது. பூசையறையில் அவன் குரல் கேளாதாயிற்று. யான் கண்டித்தேன், இரந்தேன், ஈற்றில் வாய் மூடினேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சித்தாந்தம் ஊட்டியவன் தன் பிள்ளைக்கு ஊட்டமாட்டாதவனாயினான் என்று பிறர் கூறுவதற்கு முன்னரே என் நெஞ்சு கூறிற்று. பதினெட்டாண்டுகளாக எங்கள் பேச்சு உடல்நலம், வானிலை, பணம் என்னும் மூன்றனுள் அடங்கியது.

சென்ற ஆனித் திங்களில் அவனிடமிருந்து ஓர் அழைப்பு வந்தது. "அப்பா, திருக்கோணமலைக்குப் போகவேண்டுமென்று நெடுநாளாகச் சொல்லிவந்தீர்கள். வருகிற சனி, ஞாயிறு இரு நாளும் அங்கே கடலில் மூழ்கும் பயிற்சிக்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள். நான் கடலுக்குப் போகும்போது நீங்கள் கோணேசரைத் தரிசியுங்கள்" என்றான். பயிற்சியின் பொருட்டுத் தலத்துக்குச் செல்வது எனக்கு உவப்பாகவில்லை. எனினும், அவன் தானாக அழைத்த அழைப்பை மறுக்க மனம் வரவில்லை. விமானத்திற் கொழும்பு அடைந்து, அங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர் வண்டியிற் சென்று, வெள்ளிக்கிழமை மாலை கோணமலையை அடைந்தோம்.

தலத்தின் சிறப்பை இப்பத்திரிகை அன்பர்க்கு யான் விரித்தல் வேண்டா. மூன்றாந் திருமுறையில் திருஞானசம்பந்த சுவாமிகள் பாடியருளிய பதிகம் பெற்ற பதி. அவரும் கடல் கடந்து சென்றாரல்லர். இராமேச்சரத்திலிருந்தே ஈழத்துப் பதிகளிரண்டனையும் பாடினார் எனப் பெரியபுராணம் கூறும். கோணேசப் பெருமானும் மாதுமையம்மையும் எழுந்தருளியிருந்த பெருங்கோயில் 1622-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியத் தளபதி கொன்ஸ்தந்தீனு தெ சா என்பவனால் இடிக்கப்பெற்றது. கற்களுட் பல கோட்டை கட்டுதற்குப் பயன்பட்டன. பல கடலில் வீழ்ந்தன. 1950-இல் கிணறு வெட்டுங்கால் மண்ணினின்றும் பழந்திருமேனிகள் வெளிப்பட்டன. 1956-இல் ஆர்தர் கிளார்க் என்னும் ஆங்கில எழுத்தாளரும் மைக் வில்சன் என்னும் அவர் தோழரும் சுவாமிமலைக்கு அடியிலுள்ள கடலில் மூழ்கி, தூண்களும் செதுக்கிய கற்களும் சிதறிக்கிடப்பதைக் கண்டனர். அச்செய்தியைக் கிளார்க் 1957-இல் வெளிவந்த தம் நூலொன்றில் எழுதினார். இப்போதுள்ள கோயிலின் குடமுழுக்கு 1963-இல் நடைபெற்றது. வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு சைவப் பெயர் தாங்கி வாழ்ந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. கல்லைக் காணச் சென்றவரைக் கல்லுக்குரியவன் ஆட்கொண்டான் போலும்.

வெள்ளி மாலைத் தரிசனத்துக்கு மகன் என்னுடன் வந்தான்; கோயில் வாயில் வரையில் வந்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று கடலை நோக்கிய மதிலருகே நின்றுகொண்டான். யான் உள்ளே சென்று வழிபட்டு மீண்டேன். ஒன்றும் கூறவில்லை. ஆனால் என் முகம் கூறியிருக்கும்.

மறுநாட் காலை உப்புவெளிக் கரையில் பயிற்சியாளர் கூடினர். மாணாக்கர் நால்வர், ஆசிரியர் ஒருவர். ஆசிரியர் திருக்கோணமலையிற் பிறந்தவர், நாற்பது வயதிருக்கும், அளந்து பேசுபவர். கடலில் மூழ்குவோரை ஈழநாட்டுத் தமிழர் 'சுழியோடி' என வழங்குவர். நம் தென்கரையில் முத்துக்குளித்தவர்கள் மூச்சை அடக்கிக் கல்லைப் பற்றி இறங்கி, தோணியின்மேல் ஒருவன் கயிறு பிடித்திருப்ப, அடக்கிய மூச்சு முடியுமுன் மேலே வருவர். இக்காலத்து ஸ்கூபா முறை அதனின் வேறு. பிரான்சு நாட்டுக் கூஸ்தோவும் காஞ்ஞானும் 1943-இல் அமைத்த கருவியின் வழிவந்தது இது. முதுகிற் கட்டிய சிலிண்டரில் மிக்க அழுத்தத்தில் அடைக்கப்பெற்ற காற்று இருக்கும். வாயிற் கவ்விய 'ரெகுலேட்டர்' என்னும் கருவி, மூழ்குவான் எவ்வாழத்தில் உள்ளானோ அவ்வாழத்து நீரின் அழுத்தத்திற்கு ஒப்ப, அவன் இழுக்குந்தோறும் காற்றை அளித்துக்கொண்டிருக்கும்.

என் மகன் நூற்பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் கொழும்பிலேயே முடித்திருந்தான். எஞ்சியவை கடலில் நான்கு மூழ்குகள், நாளொன்றுக்கு இரண்டு. படகேறுமுன் ஆசிரியர் மாணாக்கரைச் சுற்றி அமர்த்தி விதிகளை மீண்டும் கூறினார். யான் சற்றே விலகி ஒரு தென்னையடியில் அமர்ந்து கேட்டேன். பிறர் பாடஞ் சொல்லக் கேட்பது பழைய ஆசிரியனுக்கு ஒரு சுவை. குறை காண்பதும் அச்சுவையின் ஒரு கூறே.

அவர் கூறிய விதிகளுள் முதலாவது, நீருக்குள் ஒருபோதும் மூச்சை அடக்கலாகாது என்பது. யான் வியப்புற்றேன். மூச்சை அடக்குதலே மூழ்குதல் என எண்ணியிருந்தேன். காரணத்தை அவர் விளக்கினார். நீரில் 10 மீட்டர் இறங்குந்தோறும் ஒரு வளிமண்டலத்தின் அழுத்தம் கூடும். அவ்வாழத்தில் நுரையீரல் நிறைய வாங்கிய காற்று, மேற்பரப்பை அடையும்போது இருமடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு விரைந்து மேலே எழுந்தால் விரியுங் காற்று நுரையீரலையே கிழித்துவிடும். "அஞ்சுபவன் செய்யும் முதற் காரியம் மூச்சைப் பிடிப்பது; இரண்டாவது மேலே பாய்வது. இரண்டும் சேர்ந்தால் உயிருக்கு இறுதி. ஆகையால் அஞ்சினாலும் மூச்சு விடுங்கள்" என்றார். தனக்கென்று பற்றி வைத்தது தன்னையே அழிக்கும் என்பது எந்நூலிலும் உள்ள செய்தியே. ஆயினும் அது காற்றின் அளவாற் கணக்கிடப்படுவதை அன்றுதான் கேட்டேன்.

அடுத்து, கைக்குறிகள். நீருக்குள் பேச இயலாதாகலின் எல்லாம் கையாற் பேசுதல் வேண்டும். மேல்நோக்கிய பெருவிரல் மேலே செல்க என்பதைக் குறிக்கும். நலமாயிருக்கின்றேன் என்பதற்கு உரிய குறியை அவர் காட்டியபோது யான் நிமிர்ந்து அமர்ந்தேன். பெருவிரலின் நுனியும் சுட்டுவிரலின் நுனியும் தம்முட் பொருந்த, ஏனை மூவிரல்களும் விலகி நின்றன. கல்லாலின் கீழ் இருந்து நால்வர்க்குப் பேசாமற் பேசிய பெருமானது சின்முத்திரை அன்றோ அது! பெருவிரல் இறை, சுட்டுவிரல் உயிர், விலகிய மூன்றும் ஆணவம், கன்மம், மாயை என்பது நாம் மாணவர்க்குக் கூறுவது. சுழியோடிகள் அக்குறியை ஆகமத்திலிருந்து பெற்றாரல்லர், கண்ணுக்கு எளிதிற் புலனாம் வடிவென்று கொண்டனர், அவ்வளவே. யாண்டும் நம் குறிகளையே கண்டு களிக்கும் பேதைமை எனக்கு உடன்பாடன்று. எனினும், வாய் பயன்படாத இடத்தில் ஓர் ஆசிரியர் அம்முத்திரையைக் காட்டி வினவ, மாணாக்கன் அதனையே காட்டி விடையிறுப்பான் என்பதை எண்ணிய பொழுது நெஞ்சு நெகிழ்ந்தது.

படகில் எனக்கும் இடந் தந்தார்கள். கரையிலிருந்து சிறிது தொலைவில் நங்கூரம் இட்டனர். மாணாக்கர் ஒவ்வொருவராகப் பின்புறம் சாய்ந்து நீரில் வீழ்ந்தனர். என் மகனும் வீழ்ந்தான். சற்றைக்கெல்லாம் குமிழிகளன்றி வேறொன்றும் புலப்படவில்லை. யான் அஞ்செழுத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். கல்லோடு பிணிக்கப்பெற்றுக் கடலில் இடப்பட்ட அப்பர் சுவாமிகள் அக்கல்லையே தெப்பமாகக் கொண்டு கரையேறிய வரலாறு நினைவிற்கு வந்தது. எத்துணை முறை அதனை மேடைகளிற் பேசியிருப்பேன்! தான் பெற்ற பிள்ளை இடுப்பில் ஈயக்கட்டிகளைக் கட்டிக்கொண்டு நீருக்குள் மறைந்தபின் நினைக்குமிடத்து, அவ்வரலாறு வேறாகத் தோன்றுகின்றது.

இரண்டாம் மூழ்கில்தான் அது நிகழ்ந்தது. ஆழம் 6 மீட்டர். மணற்பரப்பில் மாணாக்கர் முழந்தாளிட்டிருக்க, ஒவ்வொருவரும் முகக் கண்ணாடியுள் நீரைப் புகவிட்டு, மூக்கால் ஊதி அதனை வெளியேற்றுதல் வேண்டும். என் மகன் ஊதுவதற்கு மாறாக உள்ளிழுத்துவிட்டான். உப்புநீர் மூக்கினுட் புகுந்தது. கண் தெரியவில்லை. மூச்சைப் பிடித்தான், வாய்க்கருவியைக் கையாற் பிடுங்கினான், மேலே பாய எழுந்தான். இவற்றைப் பின்னர் அறிந்தேன். அப்போது யான் கண்டது, குமிழிகள் ஒழுங்கு குலைந்து ஓரிடத்திற் குமுறியதும், நெடுநேரம் போலத் தோன்றிய ஒரு பொழுதின் பின் இரு தலைகள் நீரின்மேல் ஒருங்கே எழுந்ததுமே. ஆசிரியர் ஒரு கையால் அவன் மார்புக் கச்சையைப் பற்றியிருந்தார். மற்றொரு கை அவன் வாய்க்கருவியின்மேல் இருந்தது. மகனது முகம் வெளுத்திருந்தது. இருமினான், நடுங்கினான், ஊறொன்றுமில்லை.

அவனைப் படகில் ஏற்றினர். அன்பர்காள், இனி என் குற்றத்தைக் கூறுவேன். அவன் உயிரோடு மீண்டதைக் கண்டு நன்றியால் நிறைந்த என் நெஞ்சில், அடுத்த கணமே ஒரு சொல் எழுந்தது: "இது வேண்டுமா உனக்கு?" அது நாவின் நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் ஆசிரியர் படகின் பக்கத்தைப் பற்றி நீரில் நின்றபடியே அவனை நோக்கி, "தண்ணீர் மூக்கில் ஏறினால் எல்லாருக்கும் அப்படித்தான். எனக்கும் முதல்நாள் அப்படித்தான் ஆனது. நான் உங்களைப் பிடித்தபிறகு மூச்சு விட்டீர்கள் அல்லவா? அது போதும். அதுதான் இன்றைய பாடம்" என்றார். பின்னர்ச் சின்முத்திரை காட்டினார். மகன் நடுங்கும் கையால் அதனையே காட்டினான். என் சொல் நாவிலேயே அடங்கிற்று.

அடங்கிய சொல் உள்ளே சென்று பழைய நினைவொன்றைத் தட்டியெழுப்பியது. தீக்கை பெற்ற மறு ஆண்டில் ஒரு நாள், யான் இல்லத் திண்ணையில் மாணவர் ஐவர்க்குச் சிவஞானபோதம் சொல்லிக்கொண்டிருந்தேன். மகனும் உடனிருந்தான். இடையில், "அப்பா, உயிர் அறிவுடைய பொருள் என்கிறீர்கள். அறிவுடையதற்குப் பிறர் ஏன் காட்டவேண்டும்? காட்டினால்தான் அறியும் என்றால் அது எப்படி அறிவுடையது?" என வினவினான். நல்ல வினா. சித்தாந்தத்தின் நடுநாடியைத் தொட்ட வினா. யானோ, பாடம் தடைப்பட்டதே என்னும் சினத்தாலும், மாணவர் முன்னிலையில் மகன் எதிர்வாதம் செய்தானென்னும் செருக்காலும், "முதலில் சூத்திரத்தை நெட்டுருப் பண்ணு, பிறகு வாதம் செய்யலாம்" என்றேன். மாணவருள் ஒருவன் சிரித்தான். மகன் முகம் சிவந்து தலை தாழ்த்தினான். அதன்பின் அவன் என்னை எதுவும் வினவியதில்லை. அவன் சமயத்தைக் கைவிட்டான் என்று இத்துணை யாண்டும் கூறிவந்தேனே, அன்று அவன் நீட்டிய கையை யான் பற்றவில்லை என்பதை ஒருகாலும் எண்ணிப் பார்த்தேனில்லை. யான் திருமடத்தில் பயின்ற காலத்து, எத்துணை முறை வினவினும் முகங்கோணாது விளக்கிய ஆசிரியரிடம் பயின்றவன். பெற்றதைக் கொடுத்திலேன்.

அன்றிரவு மகன் நெடுநேரம் உறங்கவில்லை. "நாளைக்குப் போகாமலிருக்கலாமா என்று நினைக்கிறேன்" என்றான். பதினெட்டாண்டுகளில் அவன் என்னிடம் தன் அச்சத்தைக் கூறியது இதுவே முதன்முறை. போகாதே என்று கூறுதற்குத் தந்தையின் நெஞ்சு விரும்பியது. ஆயினும், "அந்த ஆசிரியர் உன்னை எங்கே பற்றினார்?" என்று கேட்டேன். "மார்புக் கச்சையில். கண்ணாடிக்குள் தண்ணீர், ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பிடித்திருக்கிறார் என்பது தெரிந்தது. அதன்பிறகுதான் மூச்சு விட்டேன்" என்றான். "நாளையும் அவர் உடன் வருவாரல்லவா?" என்றேன். சற்று நேரங் கழித்து, "வருவார்" என்றான். பின் உறங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பயிற்சி சுவாமிமலையின் அடியில். படகு மலையை அணுகியபொழுது, இராவணன் வெட்டு எனப்படும் பிளவும், செங்குத்தான பாறையும், உச்சியிற் கோயிலும் காணப்பெற்றன. தலத்தைக் கடலிலிருந்து நோக்கி வணங்கினேன். என் மனத்தில் ஒரு தடை இருந்தது. திருக்கோயிலின் கற்கள் கிடக்கும் இடத்தில் காலில் துடுப்பு மாட்டி நீந்துதல் அபசாரமாகாதோ? இதனை ஆசிரியரிடம் வினவினேன். அவர், "ஐயா, அங்கே எதையும் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. கையாலும் கூடாது, துடுப்பாலும் கூடாது. அடியில் மண்ணைக் கூடக் கிளப்பக்கூடாது. அதனால்தான் மிதக்கவும் மூழ்கவும் செய்யாமல் நிற்கப் பழக்குகிறேன். அது வராதவனை நான் இங்கே கூட்டிவரமாட்டேன்" என்றார். கோயிலுட் சென்று நாம் செய்யும் சந்தடியை நினைத்து யான் நாணினேன்.

மிதத்தலும் மூழ்குதலும் இன்றி நிற்கும் அந்நிலையைப் பற்றி ஒரு சொல். இடுப்பிலுள்ள ஈயம் கீழே இழுக்கும். கச்சையிலுள்ள காற்று மேலே தூக்கும். இரண்டனையும் ஒப்பச் செய்தபின், மூச்சை உள்வாங்கின் உடல் சிறிதே எழும். வெளிவிடின் சிறிதே தாழும். கை கால் அசைத்துப் பெறும் நிலையன்று அது. அசைவு அடங்கியபின் கைவருவது. இருவினையொப்புக்கு இதனினும் எளிய உவமை கிடைப்பது அரிது. நல்வினையும் தீவினையும் எண்ணிக்கையால் ஒத்தலை இருவினையொப்பு என மயங்குவார் உளர். ஈயமும் காற்றும் எடையாலும் பருமையாலும் ஒத்தனவல்ல. மூழ்குவான் இரண்டனாலும் இழுக்கப்படாது நிற்றலே ஆண்டு ஒப்பு. அவ்வாறே இருவினைப் பயன்களிலும் விருப்பு வெறுப்பின்றி உயிரின் அறிவு ஒத்து நிற்றலே இருவினையொப்பு என நம் ஆசிரியன்மார் தெளிவுறுத்தினர். உவமையின் ஒரு புடையை மட்டும் கொள்க.

மகன் மூழ்கினான். முதல்நாள் போல் யான் குமிழிகளை எண்ணவில்லை. அஞ்செழுத்தை மட்டும் எண்ணினேன். முக்கால் மணிக்குச் சற்றுக் குறைந்த நேரம். 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் தங்கி, பையப் பைய மேலே வந்தனர். மகன் கண்ணாடியைக் கழற்றினான். அவன் முகத்தில் அவ்வொளியைச் சிறு பிள்ளையாயிருந்தபோது கண்டேன்; பின் கண்டிலேன்.

"அப்பா, தூண்களைப் பார்த்தேன்" என்றான். 12 மீட்டர் ஆழத்தில், பாறைகளிடையே, மனிதர் கையாற் சதுரமாகச் செதுக்கிய கற்கள் கிடந்தனவாம். மீன்கள் அவற்றைச் சுற்றித் திரிந்தனவாம். பின்னர்ச் சிறிது தாழ்ந்த குரலில் அவன் கூறியதை அவன் சொற்களிலேயே தருகின்றேன்:

"அங்கே எல்லாம் நீலமும் சாம்பலுமாக இருந்தது. தூணின் பக்கத்தில் கடற்பஞ்சு ஒன்று படர்ந்திருந்தது. அதுவும் சாம்பல் என்றே நினைத்தேன். ஆசிரியர் என் பக்கத்தில் வந்து நின்று கைவிளக்கை அதன்மேல் காட்டினார். குங்குமம் மாதிரிச் சிவந்துவிட்டது அப்பா! விளக்கை அணைத்தால் மறுபடியும் சாம்பல். மூன்று தடவை காட்டினார். என் கண் நல்ல கண்தான்; திறந்துதான் இருந்தது. சிவப்பு அங்கேயே இருந்தது. ஆனால் நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதுகூட எனக்குத் தெரியவில்லை."

சூரியவொளியிலுள்ள நிறங்களுள் செந்நிறத்தையே நீர் முதலில் உண்டுவிடும் என்றும், 5 மீட்டரில் மங்கத் தொடங்கி 10 மீட்டருக்குக் கீழ்ப் பெரும்பாலும் மறைந்துபோம் என்றும் ஆசிரியர் விளக்கினார். யான் அதனைப் பாதியே கேட்டேன். எனக்குத் திண்ணை தோன்றியது. ஐந்து மாணவர் தோன்றினர். தாழ்ந்த தலை தோன்றியது.

படகு கரையை நோக்கித் திரும்பியபின், "பதினெட்டு ஆண்டுக்கு முன் நீ என்னை ஒன்று கேட்டாய். நினைவிருக்கிறதா?" என்றேன். அவன் கடலை நோக்கியவண்ணம், "இருக்கிறது" என்றான். எது என்று வினவவில்லை. இருவர்க்கும் தெரிந்திருந்தது. "அன்று உனக்கு விடை கூறாமல் வாயடைத்தேன். அது என் பிழை. இன்று நீயே விடையைக் கண்டு வந்திருக்கிறாய்" என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

பின்னர் யான் அவனுக்குக் கூறியவற்றைத் தொகுத்துரைக்கின்றேன். கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. இல்லையேல் விளக்குக் காட்டியும் பயனில்லை; கல்லுக்கு எவ்விளக்கும் செந்நிறத்தைக் காட்டாது. ஆயினும் அவ்வாற்றல் தானே சென்று பொருளைப் பற்றமாட்டாது. ஒளி உடன்நின்று விளக்குதல் வேண்டும். அதுபோல உயிர் அறிவுடையது. ஆனால் அறிவிக்க அறிவது. அறிவிப்பார் வேண்டும் என்பதனால் அறிவில்லாததாகாது. அறிவுடையதாயினும் தானே அறிந்துவிடாது. இனி, கடலில் அவன் செந்நிறத்தைக் காணவில்லை என்பது ஒன்று. காணாமையையும் அறியவில்லை என்பது மற்றொன்று. புறவிருள் பொருளை மறைப்பினும், இருள் உளது என்றேனும் நமக்குத் தெரியும். ஆணவமலமோ பொருளையும் மறைத்துத் தன்னையும் மறைக்கும் என உமாபதி சிவனார் திருவருட்பயனில் உணர்த்தினார். சாம்பல் நிறமே அதன் நிறம் எனத் தெளிந்திருந்தானே, அத்தெளிவே மறைப்பு.

அவன் கேட்டான்: "விளக்கைக் காட்டினால் போதாதா? அவர் ஏன் என் பக்கத்தில் வந்து நின்று தானும் பார்க்கவேண்டும்? அவர் எத்தனை தடவை பார்த்திருப்பார்!" யான் சிறிது நேரம் விடை கூறமாட்டாதிருந்தேன். அதுவன்றோ நம் நூல்களிற் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என இரண்டாக வைத்து ஓதப்பெறுவது! கண்ணைச் செலுத்திப் பொருளைக் காட்டுவது உயிர். அவ்வளவில் நில்லாது, கண்ணோடு உடனாய் நின்று தானும் காண்பதும் உயிரே. உயிர் காணாது வேறொன்றில் அழுந்தியிருக்குங்கால், திறந்த கண்ணும் முன்னுள்ள பொருளைக் காண்பதில்லை. அங்ஙனமே இறைவன் உயிரின் அறிவை விளக்கிக் காட்டுவதோடு அமையாமல், உயிரோடு உடனாய் நின்று தானும் காண்கின்றான்; அவன் காண்பதனாலேயே உயிரின் காட்சி நிறைவுறுகின்றது. கைவிளக்கும் ஆசிரியரும் மாணாக்கனுக்குப் புறத்தே நின்றவர். இறைவனோ உயிரின் உள்நின்று பிரிவின்றிக் கலந்தவன். ஆகலின் உவமை அவ்வளவில் நின்றுவிடும் என்பதையும் கூறினேன். கூறும்போதே எனக்கு ஒன்று விளங்கிற்று. மகனுக்கு யான் காட்டியதுண்டு, அதட்டிக் காட்டியதுண்டு. அவன் பக்கத்தில் நின்று, அவன் நின்ற இடத்திலிருந்து, அவனோடு சேர்ந்து கண்டதில்லை. கரைமேல் நின்று நீந்தக் கற்பிக்க முயன்றேன். பாடம் தெரிந்திருந்தும் அதன் ஒரு பாதியையே நடையிற் கொண்டேன்.

நான்காம் மூழ்கும் இனிது முடிந்தது. அன்று மாலை மீண்டும் கோயிலுக்குச் சென்றோம். அவன் மதிலருகே நிற்பான் என எண்ணி யான் விரைந்து நடந்தேன். என் பின்னே காலடி ஓசை தொடர்ந்தது. தீபாராதனைப் பொழுதில் என் பக்கத்தில் நின்றான். தட்டில் வந்த திருநீற்றை அவன் பெற்று அணிந்தானோ என அன்பர்கள் வினவக்கூடும். யான் அறியேன். அவன் நெற்றியைத் திரும்பிப் பாராது, அவனோடு சேர்ந்து சந்நிதியை நோக்கியிருந்தேன்.

இப்போது சனிக்கிழமைதோறும் மாலையில் அவன் கொழும்பிலிருந்து தொலைபேசியில் அழைக்கின்றான். ஒரு மணி நேரம் பேசுகின்றோம். அவன் வினவுகின்றான், சில பொழுது கடுமையாகவே வினவுகின்றான். யான் அறிந்ததைக் கூறுகின்றேன். அறியாததை அறியேன் என்கின்றேன். சென்ற வாரம் அவன் கேட்ட வினாவொன்றுக்கு விடை தேடிச் சிவஞான முனிவரின் மாபாடியத்தை மீண்டும் புரட்டிக்கொண்டிருக்கின்றேன்.

பாடஞ் சொல்லும் அன்பர்க்கும், பிள்ளைகளைப் பெற்ற அன்பர்க்கும் சிறியேன் விண்ணப்பிப்பது இது: இளையோர் நீட்டும் வினாவைத் தட்டிவிடாதீர்கள். அது நீருக்குள் நீட்டிய கை. கோணமலை உறையும் பெருமான், கற்றதை நடையிற் கொள்ளும் திறத்தை எனக்கும், வினவும் அன்பை என் மகனுக்கும் நீங்காது அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்